அட்டையில் இடம்பெறாத பெயர்கள்

இசை காதுக்குரியது, இதழ் கண்ணுக்குரியது. பாட்டுக்கென்று இதழ் நடத்துகிறவர், காகிதத்தில் ஒலிக்க முடியாத ஒன்றைக் காகிதத்தைக் கொண்டே விரும்பச் செய்ய வேண்டியவராகிறார். கம்பத்தில் பன்னீர்த் திராட்சை விற்பவர், ஒரு பழத்தைக் கிள்ளிக் கையில் கொடுத்துச் சுவைத்துப் பார்க்கச் சொல்லலாம். இசை இதழ் விற்பவருக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் இருப்பவை எழுத்தும் வண்ணமும் படமுமே. அவற்றைக் கொண்டு அவர் வாசகனை எவ்வாறு அழைக்கிறார், அழைக்கும்போது யாரை முன்னிறுத்துகிறார், யாரைப் பின்னுக்குத் தள்ளுகிறார் என்பதைச் சற்று ஆராய விரும்புகிறோம். இது அச்சுக்கலைஞர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. நம் வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும் பாடல்களின் வரலாறும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்த எண்ணம் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெருநாள் விடுமுறைக்கு உத்தமபாளையத்து வீட்டிற்குச் சென்றிருந்தோம். பெங்களூரில் படிக்கும் தம்பி மகன் ஒரு கட்டு ராக் இசை இதழ்களைக் கொண்டு வந்திருந்தான். பழைய புத்தகக் கடையில் பொறுக்கி எடுத்தவை. அவற்றைத் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினான். அதே நாளில் வீட்டிற்கு வெள்ளையடிப்பதற்காகத் தாயாரின் தகரப் பெட்டியையும் வெளியே எடுத்து வைத்திருந்தோம். அதனுள் இருந்தவை முனாஜாத்து நூல்கள், கிஸ்ஸாப் புத்தகங்கள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், அட்டை கிழிந்த இஸ்லாமியப் பாடல் தொகுப்பு ஒன்று, பத்துப் பன்னிரண்டு ஒலிநாடாக்கள். ஒரே திண்ணையில் இரண்டு உலகங்கள் எதிரெதிரே கிடந்தன.

பிள்ளை அந்தப் பாடல் தொகுப்பை எடுத்துப் பார்த்தான். இறைவனை நோக்கிக் கையேந்தச் சொல்லும், மேடைதோறும் முழங்கும் பாடல் அதில் இருந்தது.

“பெரியத்தா, இதை எழுதினது யாரு?” என்றான்.

“அது ஹனிபா பாட்டு” என்றார் தாயார், கேள்வி தம்மிடம் கேட்கப்பட்டது போல.

“பாடினது அவரு. எழுதினது?”

தாயாரிடம் விடை இல்லை. வெட்கத்துடன் சொல்கிறோம், அந்த நேரத்தில் எங்களிடமும் இல்லை. பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டோம்: இயற்றியவர் கிளியனூர் அப்துல் சலாம். அரை நூற்றாண்டாக நம் நாவில் புழங்கும் பாட்டு. இயற்றியவர் பெயரோ நமக்கே அந்நியம். இந்த மறதியில் ஒரு பங்கு நம்முடையது. மற்றொரு பங்கு அட்டையுடையது.

எழுத்தே ஓசையாக

முதலில் பிள்ளை கொண்டுவந்த கட்டினைப் பார்ப்போம். ராக் இசைக்கென்று தோன்றிய இதழ்களுள் உலகப் புகழ் பெற்றது ‘ரோலிங் ஸ்டோன்’. ஜான் வென்னர் என்ற இளைஞரும் ரால்ஃப் கிளீசன் என்ற மூத்த இசை விமரிசகரும் சேர்ந்து 1967 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் அதைத் தொடங்கினர். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சாகி, மடித்து விற்கப்பட்ட இதழ் அது. ஆயினும் அதன் தலைப்பெழுத்தை வரைந்தவர் ரிக் கிரிஃபின் என்ற சுவரொட்டி ஓவியர். அந்நகரின் இசை நிகழ்ச்சிகளுக்கு அவரும் அவர் கூட்டத்தாரும் வரைந்த சுவரொட்டிகளில் எழுத்துகள் கொடிபோல் வளைந்து, நெருங்கி, எளிதில் படிக்க முடியாதபடி நின்றன. படிக்க முடியாமையே அவற்றின் கவர்ச்சி. நின்று, தலையைச் சாய்த்து, முயன்று படித்தவன் தன்னை அக்கூட்டத்தில் ஒருவனாக எண்ணிக்கொண்டான். அந்த வளைவின் சாயல் தலைப்பில் இருந்ததால், கடையில் தொங்கும் இதழைக் கண்ட இளைஞனுக்கு அது தன் கூட்டத்தாருடையது என்று தெரிந்துவிட்டது.

1981இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘கெரங்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. மின்கிதாரின் தந்திகளை ஓங்கி மீட்டும்போது எழும் ஓசையே அதன் பெயர். தலைப்பெழுத்துகளோ கல்லெறியப்பட்ட கண்ணாடிபோல் விரிசலுற்றுக் காணப்படும். கண்ணால் பார்க்கும்போதே காதில் அதிர்வது போன்ற மயக்கம் உண்டாகிறது. ஓசையை எழுத்தாக்குவதும் எழுத்தை மீண்டும் ஓசையாக்குவதும் ஒரு கலைதான். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

கடையின் அமைப்பும் இதழின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கும்போது இடப்பக்க ஓரம் மட்டுமே வெளியே தெரியும். ஆகவே முக்கியமான பெயர்களை அந்த ஓரத்திலே குவிக்கிறார்கள். வண்ணங்களைச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை எனச் சிலவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் அடையாளம் தெரிய வேண்டும் அன்றோ! நடுப்பக்கத்தில் பெரிய படம் ஒன்றை மடித்து வைத்து, அதைப் பிரித்தெடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ள விடுகிறார்கள். அன்று முதல் வாசகனின் அறையே அந்த இதழுக்கு விளம்பரப் பலகையாகிவிடுகிறது.

நம் நாட்டிலும் இம்முயற்சிகள் நடந்துள்ளன. கல்கத்தாவில் 1967 முதல் 1977 வரை வெளிவந்த ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ இளைஞர் இதழுக்கு ஆசிரியராயிருந்த டெஸ்மண்ட் டாய்க் தாமே ஓவியர். 1993இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’, பெருநகரம் அல்லாத ஓர் ஊரிலிருந்து இந்திய ராக் குழுக்களுக்காகவே வெளிவந்தது. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த ஒரு வடிவம் கங்கைக் கரையிலும் வேரூன்றியது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

முகத்தின் ஆட்சி

எழுத்தும் வண்ணமும் அழைப்பவை. நிறுத்தி வைப்பது முகம். ஒரே ஒரு முகம், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள், இதழின் பெயரையே ஓரளவு மறைத்து நிற்கும் தலை. இதழின் பெயரை முழுதாகக் காட்டாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும் என்ற தன்னம்பிக்கை அதில் உண்டு. ‘ரோலிங் ஸ்டோன்’ முதல் இதழின் அட்டையில் இருந்தது ஜான் லெனனின் முகம். ஒரு திரைப்படத்திற்காக அவர் போர்வீரனின் தலைக்கவசம் அணிந்த தோற்றம் அது. பாடகர் பாடுவதைக் காட்டாமலே அவர் முகம் இதழை விற்றது.

இந்த ஆட்சியின் விளைவைக் காட்ட ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி உண்டு. ‘டாக்டர் ஹுக்’ என்ற குழுவினர், ‘ரோலிங் ஸ்டோன்’ அட்டையில் தம் படம் வர வேண்டும் என்ற ஆசையையே கேலிப் பாட்டாக 1972இல் பாடினர். பாட்டு வெற்றி பெற்றது. இதழும் 1973 மார்ச்சில் அவர்களை அட்டையில் போட்டது. ஆனால் புகைப்படமாக அன்று, கேலிச் சித்திரமாக. குழுவின் பெயரையும் அச்சிடாமல், ‘அவர்கள் பெயர் என்னவோ, அவர்களும் அட்டைக்கு வந்துவிட்டார்கள்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டது. எல்லோரும் சிரித்தனர். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பாட்டை அக்குழுவினருக்கு எழுதிக் கொடுத்தவர் ஷெல் சில்வர்ஸ்டைன் என்ற கவிஞர். பாடியவர்கள் பெயரில்லாமலாவது அட்டைக்கு வந்தனர், எழுதியவர் வரவேயில்லை.

இருப்பினும் ராக் இதழ்களின்மீது பழி சுமத்துவது முறையாகாது. அந்த இசையின் பெரும் பகுதியில் பாடுகிறவரே எழுதுகிறார், அவரே மெட்டும் அமைக்கிறார். பாப் டிலனின் முகத்தை அட்டையில் போட்டால், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் ஆகிய மூவரையும் போட்டதாகிவிடும். ஒரு முகம் மூன்று வேலைகளுக்கும் சான்றாகிறது. ஆகவே அந்த வடிவம் அங்கே பெரும்பாலும் நேர்மையான வடிவமே. சில்வர்ஸ்டைனைப் போன்றவர்கள் விதிவிலக்குகள்.

நம் மரபு வேறு. இங்கே இயற்றுபவர் ஒருவர், இசை அமைப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர். ஒரு முகத்திற்கே இடம் தரும் அட்டையைக் கடன் வாங்கி இந்த மரபின்மேல் ஒட்டினால், ஒருவர் தெரிவார், இருவர் மறைவார்கள். நம் வாதம் முழுவதும் இதுதான்.

பாட்டுப் புத்தகத்தின் நீதி

இனித் தாயாரின் பெட்டிக்கு வருவோம். நம் இளமையில் இசை இதழின் இடத்தை இங்கே நிரப்பியது திரைப்படப் பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் சில காசுகளுக்குக் கிடைக்கும். மேலட்டையில் நாயகனும் நாயகியும். உள்ளே கதைச் சுருக்கம். முக்கியமான கட்டத்தில் கதையை நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். அதன்பின் பாடல்கள்.

இதன் அட்டை ராக் இதழின் அட்டையைவிடக் கொடியது என்றே சொல்ல வேண்டும். அதில் இருக்கும் முகம் கவிஞருடையதும் அன்று, இசையமைப்பாளருடையதும் அன்று, பாடகருடையதும் அன்று, வாயசைத்த நடிகருடையது. வாலி எழுதி, விசுவநாதன் இசையமைத்து, சௌந்தரராசன் பாடிய பாட்டு, மக்கள் வழக்கில் ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ ஆயிற்று. முகம் எவ்வளவு வல்லமை உடையது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் புத்தகத்தைத் திறந்தால் காட்சி மாறுகிறது. மங்கிய காகிதத்தில், சில இடங்களில் எழுத்துப் பிழையுடன், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இயற்றியவர் பெயரும் பாடியவர் பெயரும் இருப்பதைப் பலவற்றில் காணலாம். அட்டையில் செய்த அநியாயத்தை உள்ளே ஓரளவு ஈடு செய்துவிட்டார்கள். இதற்குத் துணையாக நின்றது இலங்கை வானொலி. படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர்கள் சொல்லிச் சொல்லி, முகமே இல்லாத ஊடகத்தில் பெயர்களைக் காதில் பதிய வைத்தார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கிற்கு இதில் தனி உரிமை உண்டு. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையுலகில் அறிமுகமானார். அல்லிநகரத்துப் பாரதிராஜா 1980இல் இயக்கிய ‘நிழல்கள்’ படத்தில் வடுகபட்டி வைரமுத்து தம் முதல் திரைப்பாடலை எழுதினார், இசை இளையராஜா. ஒருவரை ஒருவர் பேருந்தில் சென்று பார்த்துத் திரும்பும் தொலைவிலுள்ள மூன்று ஊர்க்காரர்கள் ஒரே படத்தில் சேர்ந்தனர். பின்னர் இளையராஜாவின் பெயரும் முகமும் நடிகர்களுக்கு நிகராகச் சுவரொட்டிகளில் இடம்பெறும் காலம் வந்தது. திரைக்குப் பின்னால் உழைப்பவர் அட்டைக்கு வர முடியும் என்பதற்கு நம் பள்ளத்தாக்கே சான்று. அதற்கு ஒரு மேதையின் ஆற்றல் வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. எல்லோரும் மேதையாக முடியுமா? மேதையல்லாத நல்ல கவிஞனுக்கும் ஒரு வரி இடம் வேண்டும்.

முகமில்லாத முகப்பு

பெட்டியின் அடியில் இருந்த கிஸ்ஸா, முனாஜாத்து நூல்கள் வேறு ஒரு பாடம் கற்பிக்கின்றன. இவற்றில் முகமே கிடையாது, இருக்கவும் இயலாது. நபிமார்களையும் ஸஹாபாக்களையும் போற்றும் நூல்களுக்கு உருவப்படம் போடுவது எங்ஙனம்? ஆகவே பதிப்பித்தவர்கள் எழுத்தையே அழகாக்க வேண்டியிருந்தது. பூவேலைக் கரை, பிறை, மினாரா, அரபு எழுத்தின் வளைவு, இவையே அணிகள். நாகூரின் ஐந்து மினாராக்கள் ஒரு நடிகரின் முகம் செய்யும் வேலையைச் செய்தன.

அதைவிடக் குறிப்பிடத் தக்கது பெயர்ப்பக்கம். சென்ற நூற்றாண்டுகளின் தமிழ் அச்சு வழக்கப்படி, நூலின் பெயர் பெரிய எழுத்தில். அதன்கீழ் இன்ன ஊர் இன்னார் குமாரர் இன்ன புலவர் இயற்றியது என்பது அடுத்த அளவில். பார்வையிட்டவர் பெயர், பொருளுதவியவர் பெயர், அச்சுக்கூடத்தின் பெயர், ஆண்டு எனப் படிப்படியாகச் சிறுத்து இறங்கும். அந்தப் பக்கம் நெரிசலானது என்று ஓவியர்கள் குறை சொல்லலாம். பிள்ளையும் அப்படித்தான் சொன்னான்: “கண்ணுக்கு ஓய்வே இல்லை, பெரியத்தா.” உண்மைதான். ஆயினும் அந்த நெரிசல் ஒரு சபையின் நெரிசல். உழைத்தவர் ஒவ்வொருவரும் தம் தகுதிக்கேற்ற இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் தெரியாத புலவர் என்று பிற்காலத்தார் சொல்ல நேராதபடி அந்தப் பக்கமே காத்து நின்றது.

தட்டு, நாடா, கைப்பேசி

பிறகு என்ன நேர்ந்தது? இசைத்தட்டு வந்தது. அதன் நடுவில் இருந்த வட்டச் சீட்டில் நாய் ஒன்று ஒலிபெருக்கிக் குழலின் முன் அமர்ந்து செவி சாய்த்திருக்கும். பிரான்சிஸ் பராடு என்ற ஆங்கில ஓவியர் வரைந்த படம் அது. 1899இல் கிராமபோன் கம்பெனி அதை வாங்கியது. இசையை விற்க வரையப்பட்ட படங்களுள் இதுவே தலைசிறந்தது என்பது நம் கருத்து. அதில் பாடுபவர் முகம் இல்லை. கேட்கும் செயல் இருக்கிறது. பார்ப்பவரையும் கேட்கத் தூண்டுகிறது. ஆனால் சீட்டு மிகச் சிறியது. பாட்டின் முதலடியும் பாடியவர் பெயரும் அமர்ந்த பிறகு மற்றவர்களுக்கு எப்போதும் இடம் எஞ்சுவதில்லை.

1980களில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர்களோடு ஒலிநாடா வீடுதோறும் நுழைந்தது. உள்ளங்கை அகல அட்டை. இஸ்லாமியப் பாடல் நாடாக்களின் அட்டையிலும் இப்போது முகம் ஏறியது: தொப்பியணிந்த பாடகர், பின்னணியில் கஃபா அல்லது மினாரா, ஓரத்தில் ஒரு ரோஜா. நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அந்த இடத்திற்கு முழுத் தகுதி உடையவர். அவருடைய வெண்கலக் குரல் இல்லையேல் அப்பாடல்கள் பட்டிதொட்டிகளை எட்டியிரா. அவர் பெருமையில் ஒரு துளியும் குறைக்க நாம் எண்ணவில்லை. ஆயினும் அவருக்குப் பாடல் தந்த நாகூர்ப் புலவர் ஆபிதீனும் கிளியனூர் அப்துல் சலாமும் அட்டையின் எந்த மூலையில் இருந்தனர்? தாயாரின் நாடாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முதலடிகளின் பட்டியல் இருந்தது, விலை இருந்தது, பதிவு உரிமை பற்றிய எச்சரிக்கை இருந்தது. கவிஞர் பெயர் இல்லை.

ஊர்க் கடைகளில் பட்டியல் கொடுத்துப் பதிவு செய்துகொண்ட நாடாக்களும் இருந்தன. கடைக்காரர் பச்சை மையில் அழகாக எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சிறு பூ வேறு. அவர் ஓவியர் அல்லர். அந்த அன்பு போற்றத்தக்கது. ஆனால் அவரும் தாம் கண்ட அச்சட்டையையே பின்பற்றினார். அச்சில் இல்லாத பெயர் கையெழுத்திலும் இல்லாமல் போயிற்று. வடிவம் பழக்கமாகிறது; பழக்கம் நினைவாகிறது; நினைவில் இல்லாதவர் இல்லாதவராகவே ஆகிவிடுகிறார்.

இன்று அட்டை மேலும் சுருங்கிக் கைப்பேசித் திரையில் ஒரு சிறு சதுரமாகிவிட்டது. பாட்டின் பெயர், பாடகர் பெயர், ஒரு படம். இயற்றியவரைக் காண மேலும் ஒன்றிரண்டு முறை தொட வேண்டும். தொட்டாலும் எல்லாப் பாட்டிற்கும் பெயர் இருப்பதில்லை. அன்பர்கள் ஆர்வத்தால் ஏற்றிவைக்கும் பழைய இஸ்லாமியப் பாடல்களிலும் பெரும்பாலும் இதே நிலை. இடமில்லை என்று இனிச் சொல்ல முடியாது. சதுரத்தின்கீழ் எவ்வளவு வேண்டுமானாலும் எழுத இடமுண்டு. இல்லாதது எண்ணம் மட்டுமே.

செய்யக்கூடியது

விமரிசனம் குறை சொல்வதோடு நின்றால் போதாது. ராக் இதழ்களிடமிருந்து நாம் கற்க வேண்டியவை உண்டு. எழுத்திலேயே ஓசையைக் காட்டும் துணிவு, சில வண்ணங்களோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கம், வாசகனைத் தம்மவனாக நடத்தும் நெருக்கம் ஆகியவை நம் மீலாது மலர்களுக்கும் பாடல் தொகுப்புகளுக்கும் மிகவும் தேவை. ரோஜாவும் மினாராவும் எத்தனை காலத்திற்கு அதே கோணத்தில் நிற்கும்? இளைஞர்கள் திரும்பிப் பார்க்கவில்லையே என்று வருந்துகிறோம். அவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நாம் எதை வைத்தோம்?

பழைய பெயர்ப்பக்கத்திடமிருந்தும் கற்க வேண்டும். பாட்டின் தலைப்புக்குக் கீழே இயற்றியவர் பெயர், பாடியவர் பெயருக்கு இணையான எழுத்தில் வர வேண்டும். இது பெரிய செலவன்று. தொகுப்பு வெளியிடுவோரும், மதரஸா ஆண்டு விழாவிற்குப் பாட்டுத் தாள் அச்சிடுவோரும், கைப்பேசியில் பாட்டை ஏற்றுவோரும் ஒரு வரி சேர்த்தால் போதும். பெயர் தெரியாத இடத்தில் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

எங்கள் திண்ணையில் அந்த வேலை அன்றே தொடங்கியது. பிள்ளை ஒரு பேனாவை எடுத்து, கிழிந்த தொகுப்பில் அந்தப் பாட்டின் தலையில் ‘கிளியனூர் அப்துல் சலாம்’ என்று எழுதினான். பிறகு நாடா அட்டையிலும் எழுதினான். தாயார் அதைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். “மத்தப் பாட்டெல்லாம் யாரு எழுதினது?” என்று கேட்டார். பட்டியலில் பதினோரு பாட்டுகள் மீதமிருந்தன. இரண்டிற்கு மட்டுமே இதுவரை விடை கிடைத்திருக்கிறது. வாசக அன்பர்களும் தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக.